எட்டும் பத்தும்

பீல் நகரில், ஏரிக்கு முதுகு காட்டி நிற்கும் தொழிற்சாலையில்
கடிகாரங்களுக்கு முள் பொருத்துகிறேன்.
கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்:
மூன்றுக்கும் ரப்பர் உறை.
வலக்கண்ணில் உருப்பெருக்கி.
நகம் வளர்க்கக் கூடாது.
உரசுகிற எதுவும் இங்கே தேறாது.
முள் முகப்பைத் தொட்டால் கழிவுத்தட்டு.

ஒரு மதிய இடைவேளையில் ரெமேடியோஸ்
தயிர்க்கிண்ணத்தை ஓரமாய்த் தள்ளிவிட்டு
விரல்முட்டியால் மேசையைத் தட்டினாள்.
"எண்ணு" என்றாள்.
பன்னிரண்டு. மூன்று. ஆறு.
சரி, இதுவும் கடிகாரம்தான் என்றிருந்தேன்.
அடுத்த தட்டு ஒன்பதில் விழவில்லை,
எட்டில் விழுந்தது.
பிறகு பத்தில்.
ஏழு வருடம் வட்டங்களையே பார்த்த கண்
அன்றுதான் ஒரு வட்டம் நொண்டுவதைப் பார்த்தது.
தகிட தகிட தக தக தக
என்று வாய் தானாகச் சொல்லிப் பார்க்க,
"அதேதான்" என்றாள்,
எந்த மொழி என்றுகூடக் கேட்கவில்லை.

ரயிலில், காதுக்குள், அவள் அனுப்பிய ஃபிளமென்கோ.
நான் அறிந்த கிட்டார்கள் கெஞ்சும், தாலாட்டும்.
இது சூடான எண்ணெயில் கடுகு விழுந்த சத்தம்.
நான்கு நகங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் நரம்பில் இறங்க,
ஐந்தாவது, மரத்தையே ஓர் அறை.
பின் எல்லாம் அடங்கி
கட்டைவிரல் மட்டும் தனியே,
மின்சாரம் போன வீட்டில் தீப்பெட்டி தேடுவதுபோல்.
இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டி
பனியில் இருபது நிமிடம் திரும்பி நடந்தேன்.

ரெமேடியோஸின் தம்பி இரவல் தந்த கிட்டாரில் எட்டு மாதம்.
அவன் திருப்பிக் கேட்டான்.
சனிக்கிழமை, பழைய நகரத்தில், ஓடில் வில்லோவின் கடை.

முதலாவது கருங்காலி நிறத்தில், கனமாக.
தட்டினால் கல்மண்டபம்போல் நீண்டு நின்றது.
அழகுதான்.
ஆனால் எனக்கு வேண்டியது
சொல்லிவிட்டு உடனே வாயை மூடுகிற மரம்.

இரண்டாவது முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு.
பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துக்
கண்ணில் செருகி
ஒலித்துளையின் விளிம்பைப் பார்த்தேன்.
மேலே ஓடிய ரேகை விளிம்பில் இறங்கவில்லை.
மூன்று அடுக்கு, நடுவில் பசை.
"ஒட்டுப்பலகை" என்றேன்.
ஓடில் சிரித்துவிட்டாள்:
"இதைக் கொண்டு இங்கே யாரும் பார்த்ததில்லை."

மூன்றாவதை அவள் காட்டவில்லை, நானாகக் கேட்டேன்.
சைப்ரஸ். தோலுரித்த பனங்கிழங்கின் நிறம்.
வெற்றுப் பெட்டியைக் கனமென்று எண்ணித் தூக்கியதுபோல்
கை எதிர்பார்த்ததைவிட மேலே போனது.
சீவிய பென்சில் வாசனை.
துளையருகே ஒட்டிய மெல்லிய தகட்டில்
முகம் தெரியாத யாரோ நகத்தால் கிழித்த கீறல்கள்.
பன்னிரண்டாம் மெட்டில் தொட்டும் தொடாமலும் ஒரு மணியோசை,
அழுத்தி இன்னொன்று.
இரண்டும் ஒரே இடத்தில் நின்றன.
ஓங்கி அடித்தேன்.
நான்காம் நரம்பு கரகரத்தது.

"நரம்பு தாழ்ந்திருக்கிறது, உயர்த்தித் தருகிறேன்"
என்று ஓடில் வருத்தத்தோடு கைநீட்டினாள்.
வேண்டாம் என்றேன்.
தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே
உரசட்டும் என்றே ஒரு பஞ்சுநூல் செருகுவார்கள்.
அதற்குப் பெயர் ஜீவா.
இதைப் பிரெஞ்சில் சொல்லத் தெரியாமல்
"அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது பிராங்,
மூன்று தவணை.
பெட்டிக்குள் ஈரப்பதமானி ஒன்றை இலவசமாய் வைத்தாள்.
"ஹீட்டர் அருகே விடாதே, குளிர்காலத்தில் வெடித்துவிடும்."
நானும் அப்படித்தான் என்றேன்.

மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் உறை கிடையாது.
அங்கே இரண்டு மில்லிமீட்டர் வளர்த்திருக்கிறேன்.
மேற்பார்வையாளர் ஸ்பிண்டன் இன்னும் கவனிக்கவில்லை.

ஞாயிறு இரவு பத்துக்குமேல்
இந்தக் கட்டடத்தில் குழாய்கூடப் பேசக்கூடாது.
ஒரே ஒரு சுற்று என்று தொடங்கினேன்.
பன்னிரண்டு, மூன்று, ஆறு, எட்டு.
கீழ்வீட்டு போக்லி துடைப்பக்கட்டையால்
கூரையை இடித்தார்,
சரியாக ஒன்பதில்.

பாவம்,
தாளம் தெரியாத மனிதர்.